அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு குழி தோண்டிப் பாருங்கள்

மதுரையைச் சுற்றி மனை வாங்குபவர்கள் பத்திரம், பட்டா, வில்லங்கம் மூன்றையும் வக்கீலிடம் காட்டி அலசிவிடுகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் அது என்ன மண் என்று கேட்பவர்கள் குறைவு. அடித்தளம் வடிவமைக்கும் எங்களைப் போன்றவர்களிடம் வரும்போது பெரும்பாலும் கிரயம் முடிந்து, பூமி பூஜைக்கு நாளும் குறித்திருப்பார்கள். அப்போது மண் மோசம் என்று தெரிந்தால் செலவைக் கூட்டுவதுதான் வழி. அதனால் இதைக் கிரயத்துக்கு முன்னால் படித்தால் நல்லது.

மேலூர், அழகர்கோவில் பக்கம் செம்மண்ணும் சரளையும் அதிகம். சில இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். வீட்டுக்கு அது பலம்தான், செப்டிக் டேங்க் தோண்டும்போதுதான் சிரமம். வைகைக் கரையோரம் வண்டல். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் போனால் கரிசல்.

கரிசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பருத்திக்கும் சோளத்துக்கும் அருமையான மண். வீட்டுக்கு நேர் எதிர். அதிலுள்ள மாண்ட்மோரிலோனைட் என்ற களிக் கனிமம் தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிற நிலம், ஐப்பசி மழையில் வீங்கி மேலே எழும். வீடு மொத்தமும் ஒரே சீராக ஏறி இறங்கினால்கூடப் பரவாயில்லை. குளியலறைத் தண்ணீர் தேங்கும் மூலை உப்பியிருக்கும். வேப்பமரம் ஈரத்தை உறிஞ்சும் மூலை சுருங்கியிருக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல் இதனால்தான் வருகிறது. பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தாலும் அடுத்த கோடையில் அதே இடத்தில் திரும்ப வரும். கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை.

இந்த ஈர மாற்றம் கரிசலில் சுமார் 3.5 மீட்டர் ஆழம் வரை போகக்கூடியது. நாலடிக்கு வானம் (அடித்தளப் பள்ளம்) தோண்டிக் கல் கட்டினால் அடித்தளமும் மண்ணோடு சேர்ந்தே ஆடும். அதற்காகத்தான் ஆழமாக இறங்கி அடியில் குமிழாக விரியும் கான்கிரீட் தூணான அண்டர் ரீம் பைல் போடச் சொல்கிறோம். கரிசலுக்கு மேல் மணல் கொட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். மணலில் இறங்கும் மழைநீர் அங்கேயே நின்று கீழேயுள்ள கரிசலை நனைத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. பெரியாறு பாசனத்தில் நெல் விளைந்த வயல்கள் பல இன்று பிளாட்டாகிவிட்டன. கிராவல் அடித்து, சமப்படுத்தி, கல் ஊன்றியதும் செம்மண் பூமி போலத் தெரியும். அந்தச் செம்மண் டிப்பரில் வந்தது. அடியில் பழைய வயலின் களி அப்படியே கிடக்கும். நிரப்பும்போது 20 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டியிருந்தால் ஓரளவு நம்பலாம். நான் பார்த்த மனைகளில் பெரும்பாலும் கொட்டி, ஜேசிபியால் நிரவியதோடு சரி. அது இடத்துக்கு இடம் வேறு மாதிரி அமுங்கும். கண்மாயின் நீர்பிடிப்புக்குள் இருக்கும் மனை என்றால் மண்ணைப் பற்றிப் பேசவே வேண்டாம், வாங்காதீர்கள்.

ஆகவே விற்பவரிடம் அனுமதி கேட்டு, அட்வான்ஸுக்கு முன் ஜேசிபியால் ஏழடிக்கு ஒரு குழி எடுங்கள். உள்ளே இறங்க வேண்டாம், விளிம்பு சரியும். மேலே நின்றே எந்த ஆழத்தில் நிறம் மாறுகிறது, தண்ணீர் ஊறுகிறதா என்று பாருங்கள். குழி எடுக்க விடமாட்டேன் என்றால் அந்த மனையை நான் வாங்க மாட்டேன். கிராமத்து நிலக் கணக்கான அ-பதிவேட்டில் நஞ்சையா புஞ்சையா என்பதோடு மண் வயனமும் (மண்ணின் வகை) எண்ணாக இருக்கும். அந்த எண்ணுக்கு அர்த்தம் விஏஓவிடம் கேளுங்கள். முடிந்தால் சித்திரையில் ஒரு தடவை, மழைக்காலத்தில் ஒரு தடவை மனையைப் போய்ப் பாருங்கள்.

அப்புறம் முறையான மண் பரிசோதனை. 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவோம். கரிசல் என்றால் உப்பும் தன்மைக்கான சோதனையையும் கேட்டு வாங்குங்கள். ஒரே மண்ணைத் தண்ணீரிலும் மண்ணெண்ணெயிலும் தனித்தனியாக ஊறவைப்பார்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது, அதனால் வித்தியாசம் தெரிந்துவிடும். அது 50 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண அடித்தளத்தை மறந்துவிடுங்கள். பக்கத்து வீட்டு ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து வேலையை நடத்தவும் கூடாது. நடுவில் ஒரு பழைய வாய்க்கால் ஓடியிருந்தால் இரண்டு மனையும் வேறு வேறு.

தோட்டத்துக்குக் கணக்கு வேறு. கிராவல் அடித்த மனையில் அந்தக் கிராவலிலேயே மல்லிகை வைத்தால் தேறாது; குழியில் மணல் கலந்த செம்மண்ணும் மக்கிய சாணமும் போடுங்கள். மல்லிகைக்குத் தண்ணீர் வடியும் மணற்பாங்கான செம்மண்தான் பிடிக்கும். சுக்கான் (சுண்ணாம்புக் கல்) கலந்த மண்ணில் நரம்பு பச்சையாக இருக்க, இளந்துளிர் மஞ்சளாகும். அது இரும்புச்சத்துக் குறைவு. யூரியா போட்டால் தீராது. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளிக்கலாம். மண்ணைச் சோதித்துக்கொள்ள விரும்பினால் எரு கொட்டிய இடம், மர நிழல், வரப்போரம் தவிர்த்து, பல இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அதில் அரை கிலோவை ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள்.