துவக்கு வாங்கியாச்சு, குழலின் ட்விஸ்ட் எவ்வளவு?

கனடாவின் ஒன்ராறியோவில் துவக்குச் சுடும் ரேஞ்ச் ஒன்றில் பல வருடங்களாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். போன அக்டோபரில் ஒரு தம்பி, பழைய .223 (குண்டின் விட்டத்தை ஏறக்குறைய அங்குலத்தில் சொல்லும் எண்) போல்ட் ஆக்‌ஷன், அதாவது ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும், ரைபிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். 600 மீட்டரில் சுட வேண்டும் என்பது அவருடைய ஆசை. தூரத்துக்குக் கனமான குண்டுதான் நல்லது என்று யாரோ சொல்ல, 80 கிரெயின் (ஏறக்குறைய 5 கிராம்) குண்டு வாங்கித் தோட்டாவும் அடைத்து வைத்திருந்தார்.

முதலில் 100 மீட்டரில் ஐந்து சுட்டார். தாளில் இருந்தவை இரண்டே துளைகள். ஒன்று ஒரு அங்குல நீளத்துக்கு, படுத்திருக்கும் குண்டை வைத்துக் கோடு போட்டு வெட்டி எடுத்ததுபோல் இருந்தது. இன்னொன்று சாய்வாகக் கிழிந்து, ஒரு ஓரத்தில் மட்டும் சாம்பல் நிறம் அப்பியிருந்தது. மற்ற மூன்றும் எங்கே போயின என்று தெரியவில்லை.

"துவக்கு பழுதாப் போச்சோ அண்ணை?"

பழுது எதுவும் இல்லை. குண்டு தலைகுப்புறப் புரண்டு போயிருக்கிறது. அந்தத் துளையைச் சாவித்துவாரம் என்று நாங்கள் சொல்வோம். அதைப் பார்த்தால் சுடுவதை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். புரளும் குண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தாளைத் தவறவிட்ட அந்த மூன்றை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

குழலின் உட்புறத்தில் மரைபோல் வெட்டிய பள்ளங்கள் குண்டைச் சுழற்றி அனுப்புகின்றன. எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று என்பதுதான் ட்விஸ்ட். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் மெதுவான ட்விஸ்ட், 7 என்றால் வேகமானது. பம்பரம் வேகமாகச் சுற்றும்வரை நிமிர்ந்து நிற்கிற மாதிரி, போதிய சுழற்சி இருந்தால்தான் குண்டின் மூக்கு முன்னால் பார்த்தபடி போகும்.

பெட்டியில் எடைதான் பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் எவ்வளவு சுழற்சி தேவை என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது குண்டின் நீளம். ஒரே விட்டத்தில் எடையைக் கூட்டினால் நீளமும் கூடுகிறது, அதனால்தான் எடையைச் சொல்லிப் பழகிவிட்டோம். முழுச் செம்புக் குண்டு வாங்கும்போது இந்தப் பழக்கம் காலை வாரிவிடும். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, அதே எடைக்கு அது இன்னும் நீளமாக இருக்கும்.

1955-இல் இதே விஷயத்தில் ஒரு பெரிய கம்பெனியே சறுக்கியது. ரெமிங்டன் தன் .244 ரைபிளுக்கு 12 அங்குல ட்விஸ்ட் வைத்தது. அதே வருடம் வந்த .243 வின்செஸ்டருக்கு 10 அங்குலம். மான் வேட்டைக்கு 100 கிரெயின் குண்டு கேட்டவர்கள் வின்செஸ்டர் பக்கம் போனார்கள். பிறகு ரெமிங்டன் ட்விஸ்டை 9 ஆக்கி, 6 மி.மீ. ரெமிங்டன் என்று பெயரையும் மாற்றியது. போன சந்தை திரும்பவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். மில்லர் சூத்திரம் என்று ஒன்று உண்டு, அதை வைத்து எழுதிய கணிப்பான்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குண்டின் விட்டம், எடை, நீளம், வேகம், ட்விஸ்ட் ஆகியவற்றைக் கொடுத்தால் ஒரு எண் வரும். 1-க்குக் கீழே என்றால் புரளும். 1.5 இருந்தால் நிம்மதி. இடையில் இருந்தால் 100 மீட்டரில் துளை வட்டமாகவே விழலாம், ஆனால் குண்டு லேசாகத் தள்ளாடிக்கொண்டே போவதால் காற்றுத் தடை கூடி, தூரத்தில் அதற்கு விலை கொடுப்பீர்கள்.

தம்பியின் ரைபிளில் போல்ட்டைக் கழற்றி, உள்ளே எதுவும் இல்லை என்று இருவரும் பார்த்த பிறகு, சுழலும் பிடியுள்ள துடைப்புக் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றிக் குழலுக்குள் விட்டோம். கம்பியில் ஒரு டேப் அடையாளம். அது ஒரு முழுச் சுற்று வரும்வரை நகர்ந்த தூரத்தை அளந்தால் 12 அங்குலம். அவருடைய குண்டு ஏறக்குறைய 27 மி.மீ. நீளம். கணக்கு 0.66 என்று காட்டியது. அதே குண்டு 8 அங்குலக் குழலில் 1.5-ஐ ஒட்டி வந்திருக்கும்.

9 அங்குலம் என்றால்? 15 டிகிரியில் 1.17. எங்கள் ஊர் பனிக்காலத்தில், மைனஸ் 20-இல், காற்று அடர்ந்து அது 1.03 ஆக இறங்கும். கோடையில் நன்றாகச் சுட்ட ரைபிள் ஜனவரியில் ஏமாற்றுவது இப்படித்தான். அமெரிக்க ராணுவமும் 1960-களில் எம்-16 ரைபிளின் 14 அங்குல ட்விஸ்டை 12 ஆக மாற்றியது, கடும் குளிரில் துல்லியம் குறைந்ததால்.

அதற்காக எல்லோரும் 7-க்கு ஓட வேண்டாம். மெல்லிய உறையுள்ள லேசான குண்டு அதில் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும், சில வேளை நடுவழியிலேயே சிதறிவிடும். .223-இல் 600 மீட்டர்தான் நோக்கம் என்றால், 77, 80 கிரெயினுக்கு நான் சொல்வது 8 அங்குலம். புதுக் குண்டு எதுவானாலும் முதல் ஐந்தைக் கிட்ட வைத்து, பெரிய தாளில் சுட்டு, துளை வட்டமா என்று கண்ணால் பார்த்த பிறகே தூரம் போங்கள்.

தம்பி அடுத்த வாரம் 52 கிரெயின் குண்டோடு வந்தார். ஐந்து துளையும் வட்டம், ஒரு இரண்டு டாலர் காசுக்குள் அடங்கின. 8 அங்குலக் குழலுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார், அது வரும்வரை 200 மீட்டரில்தான் பயிற்சி.