சட்டை எடுக்கும்போது முதலில் தோளைப் பாருங்கள்

புதுச் சட்டையைக் கவர்கூடப் பிரிக்காமல் என் தையல் கடைக்குக் கொண்டுவந்து "கொஞ்சம் பிடிச்சுக் குடுங்கண்ணே" என்று நீட்டுவார்கள். பக்கவாட்டில் தொளதொளவென்று இருந்தால் பிடித்துவிடலாம், கை நீளமென்றால் கஃபைப் பிரித்து ஏற்றித் தைத்துவிடலாம். ஷோல்டர் இறங்கிப்போன சட்டையைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. கையையே கழற்றி, ஆர்ம்ஹோலை, அதாவது கை பூட்டுகிற வளைவை, வெட்டி, மறுபடி பூட்ட வேண்டும். அவ்வளவு கூலி கொடுத்தாலும் பழைய அமைப்பு வராது. காலர் டைட்டாக இருந்தால் பட்டனைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம், அதோடு சரி.

அதனால் கடையில் போட்டுப் பார்க்கும்போது, கை சேர்கிற தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்காருகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் கழுத்துப் பட்டனைப் போட்டு உள்ளே இரண்டு விரல் விட்டுப் பாருங்கள். கடைசியாக இன் பண்ணிக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். சட்டை மொத்தமாக வெளியே வந்துவிட்டால் ஆர்ம்ஹோல் கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். லூஸாக இருந்தால் வசதி என்று நினைக்கிறோம், அக்குளில் மட்டும் அது நேர்மாறு.

சைஸ் நம்பரில்தான் பெரிய குழப்பமே. பனியன் அட்டையில் இருக்கும் 85, 90 மார்பளவு. ஃபார்மல் சட்டையில் வரும் 39, 40, 42 பெரும்பாலும் கழுத்துச் சுற்றளவு, அதுவும் சென்டிமீட்டரில். 40 என்றால் ஏறக்குறைய பதினைந்தே முக்கால் இஞ்ச். இதை மார்பு என்று நினைத்து எடுத்துவிட்டுப் பிறகு என்னிடம் வருகிறவர்கள் நிறைய.

தரம் தெரிய சட்டையை உள்பக்கம் திருப்புங்கள். ஓரம் நூல் பிரியாமல் மேலோட்டமாகச் சுற்றி அடித்த வெறும் ஓவர்லாக்கா, மடித்து அடித்த தையலா? ஒரு இஞ்சில் எட்டு பத்து தையல்தான் இருந்தால் அவசர வேலை. நல்ல சட்டையில் பதினாலுக்கு மேல் இருக்கும். காஜாவில் நூல் பிசிறு, பாக்கெட்டில் கோடு சேராத கட்டம், இதெல்லாம் விலையைக் குறைத்துக் கேட்க வேண்டிய இடங்கள். காலர் விறைப்பாக நிற்க உள்ளே ஒட்டியிருக்கும் கேன்வாஸ் துணி மட்டும் கடையில் பிடிபடாது, மட்டமானதென்றால் சலவைக்குப் பிறகு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும்.

துணி எடுத்துத் தைப்பவர்கள், தைத்த பிறகு சுருங்காமல் இருக்க, காட்டனை ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்துக் கொடுங்கள். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் பிட்டோடு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை, நீளத்தில் ஒரு இஞ்ச் கூட்டி வைத்துத்தான் வெட்டுகிறேன்.