எபிஸ்டோலரி நாவல்: தமிழில் என்ன சொல்வது?

பிராம் ஸ்டோக்கரின் ரத்தக்காட்டேரி நாவலான ‘டிராகுலா’ (1897) பற்றிப் பேச்சு வந்தால் வாசகர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். டிராகுலா பிரபுவின் கோட்டைக்குப் போவதும் அங்கே நடப்பதுமான முதல் நான்கு அத்தியாயங்களில் தகராறு இல்லை. அப்புறம் ஒரே கடிதமும் நாட்குறிப்புமாக இழுக்கிறது என்பது ஒரு கட்சி. அந்த வடிவம்தான் நாவலின் உயிர் என்பது இன்னொன்று. இந்த வாதத்தில் அடிக்கடி அடிபடும் சொல் ‘எபிஸ்டோலரி’.

கதைசொல்லி என்று தனியாக ஒருவர் இல்லாமல், பாத்திரங்கள் எழுதிய கடிதங்கள், குறிப்புகள் வழியாகவே நகரும் நாவல் என்று பொருள். சாமுவேல் ரிச்சர்ட்சனின் ‘பமீலா’ (1740) இதற்குப் பேர்போன பழைய உதாரணம்.

சொல்லின் வேர் கிரேக்கம். அனுப்புதல் என்ற வினையிலிருந்து ‘எபிஸ்டோலே’, அதாவது அனுப்பிய மடல். அது லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அனுப்பப்பட்டவர் என்ற பொருளுள்ள ‘அப்போஸ்தலர்’ இதன் உடன்பிறப்பு. தமிழ் பைபிள் பவுலின் எபிஸ்டோலேக்களை ‘நிருபங்கள்’ என்கிறது. ஆனால் ‘நிருப நாவல்’ என்றால் பத்திரிகை நிருபர் எழுதியதோ என்று தோன்றும். ‘மடல்’ அழகான சொல்தான்; இலக்கியம் படித்தவர்களுக்கு மடலேறுதல் (காதலன் பனைமடல் குதிரை ஏறும் சங்க இலக்கிய வழக்கம்) குறுக்கே வந்து நிற்கும். ‘கடித நாவல்’ என்பதே சரி. மறைமலையடிகளின் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ நம்மிடம் உள்ள முன்னோடி.

டிராகுலாவில் கடிதம் மட்டுமா இருக்கிறது என்று கேட்கலாம். கோட்டைக்குப் போன வழக்கறிஞர் ஜோனதனின் சுருக்கெழுத்து நாட்குறிப்பு, மனநல மருத்துவர் சீவர்டின் ஃபோனோகிராஃப் (பழைய ஒலிப்பதிவுக் கருவி) பதிவு, தந்திகள், பத்திரிகைத் துணுக்குகள், டிராகுலா இங்கிலாந்துக்கு வந்த டிமீட்டர் கப்பலின் பதிவேடு எல்லாம் உண்டு. ஜோனதனின் மனைவி மீனா இவற்றைத் தட்டச்சு செய்து அடுக்குகிறாள். டிராகுலா கையெழுத்துப் பிரதியைக் கொளுத்தியும் பெட்டகத்தில் இன்னொரு பிரதி தப்பிவிடுகிறது. ஆங்கிலச் சொல்லுக்கும் வேர்ப்பொருள் கடிதம்தானே? அங்கே விரிந்த சொல் இங்கேயும் விரியட்டும்.

என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கு. கதைக்குப் பெயர் தந்தவனுக்கு ஓரிரு சிறு கடிதங்கள் தவிர நாவலில் சொந்தக் குரல் கிடையாது. மற்றவர்கள் பார்த்ததும் பயந்ததும்தான் நமக்குக் கிடைக்கிறது. ஒருவர் பார்த்தது மற்றவருக்குத் தெரியாமல், இரண்டையும் படிக்கும் நமக்கு மட்டும் விளங்குவதில்தான் பயமே பிறக்கிறது. டிராகுலாவை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங்கின் முடிவில்லாத பேச்சுகளை வைத்து முதல் கட்சி சண்டைக்கு வந்தால் மட்டும் என்னிடம் பதில் இல்லை. அவரைச் சற்றுச் சுருக்கியிருக்கலாம்.