ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கு?

வட சென்னையில் தலைவலி, கண் எரிச்சல் என்று வருகிறவர்கள் காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "மணலிக் காத்து டாக்டர்." மணலி ரசாயன ஆலைகள் நிறைந்த இடம், குறை சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் பக்கத்து எண்ணூரில் நள்ளிரவில் அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்களே. ஆனாலும் நான் ஒரு கேள்வி கேட்பேன்: "ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கு?"

திருவொற்றியூரில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர், ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். (விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) சாயங்காலமானால் தலைவலி, கிறுகிறுப்பு. ஞாயிறன்றும் அதே திருவொற்றியூர்க் காற்றைத்தான் சுவாசிக்கிறார், அன்று வலி இல்லை. அப்போ பிரச்சினை வேலை செய்யும் இடத்தில்.

அங்கே ஆள்குறைப்பு நடந்து ஆறு மாதம். நாலு பேர் இருந்த பிரிவில் இப்போது இரண்டு பேர். கழிவுக் கேன்களை அப்புறப்படுத்திய அட்டெண்டர் அண்ணனையும் அனுப்பிவிட்டார்கள். அவர் சம்பளம் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்? அபாயகரக் கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது 2016 விதி. இங்கே கேன்கள் ஃபியூம் ஹூட்டுக்குள்ளேயே (ரசாயன ஆவியை இழுத்து வெளியேற்றும், கண்ணாடிக் கதவு வைத்த கூண்டு) வரிசை கட்டி நின்றன. ஹூட் காற்றை இழுப்பது பின்பக்கத் தடுப்பின் இடுக்குகள் வழியாக. அதை கேன் மறைத்தால் மோட்டார் சத்தம் மட்டும் கேட்கும், ஆவி முகத்துக்கே திரும்பும்.

அந்த இளைஞர் கையாண்டது டிசிஎம், அதாவது டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான். அதில் ஒரு பகுதியை உடம்பு கார்பன் மோனாக்சைடாக மாற்றிவிடும். ரத்தத்தில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்ற வித்தியாசம் விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டருக்குத் தெரியாது. 98 என்று காட்டியதால் அங்கே முதலுதவி பார்ப்பவர் கேஸ் டிரபிள் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார். வேலை முடிந்த கையோடு ரத்தம் எடுத்துக் கார்பாக்ஸிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபின்) அளவு பார்க்கச் சொன்னேன். பீடி, சிகரெட் தொடாத மனிதருக்கு இருக்க வேண்டியதைவிட அதிகம்.

"மாஸ்க், கிளவுஸ் எல்லாம் போடறேனே டாக்டர்." என்95 மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், ஆவியை அல்ல. மெல்லிய நைட்ரைல் கையுறையை டிசிஎம் ஓரிரு நிமிடத்தில் ஊடுருவிவிடும். ஹூட்டின் கண்ணாடிக் கதவுக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் கீற்று ஒன்றை ஒட்டிப் பாருங்கள். உள்பக்கம் இழுபடவில்லை என்றால் அங்கே வேலை செய்யாதீர்கள். இழுபட்டாலும் காற்றின் வேகத்தை ஆள் வைத்து அளக்கத்தான் வேண்டும்.

எழுத்தில் புகார் கொடுக்கச் சொன்னேன். "அடுத்த லிஸ்ட்ல என் பேர் வந்துடும்." அதற்கு என்னிடம் பதில் இல்லை. வேலை போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கடைசி நாளுக்கு முன்பே மருத்துவப் பரிசோதனை அறிக்கைகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த ரசாயனத்தோடு எத்தனை வருஷம் இருந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். பென்சீன், ஃபார்மால்டிஹைடு இரண்டும் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை, அது பல வருஷம் கழித்தும் வரலாம். அப்போது அந்தக் கம்பெனி இருக்குமா என்பதே சந்தேகம். "உடல்நலக் குறை ஏதுமில்லை" என்ற வரி எந்தப் படிவத்திலாவது இருந்தால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

போன வாரம் அவர் திரும்ப வந்தார். கேன்கள் போய்விட்டனவாம், ஹூட் நன்றாக இழுக்கிறதாம். யார் எடுத்தார்கள் என்று கேட்டேன்.

"நான்தான் டாக்டர். ஞாயித்துக்கிழமை போய் எடுத்து வெச்சேன்."