மடக்கி உழுத நெல்தாள் மண்ணுக்குள் என்ன ஆகிறது?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் முதல் போக நெல் அறுத்ததும் வயலில் கணுக்காலுக்கு மேல் தாள், அதாவது அடித்தண்டு, நிற்கும். கையால் அறுத்த காலத்தில் அடியோடு போனது. அறுவடை இயந்திரம் பாதியை விட்டுப் போகிறது. அவசரமாக மடக்கி உழுது இரண்டாம் போகம் நட்டால் சில நாளில் பயிர் வெளுக்கிறது. யூரியா போட்டும் பச்சை கட்டுவதில்லை.

தாளில் மிகுதியாக இருப்பது செல்லுலோஸ். அதாவது சர்க்கரை ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. அதை நுண்ணுயிர் விழுங்க முடியாது. எனவே உடம்புக்கு வெளியே நொதிகளைச் சுரந்து, அங்கேயே செரித்துப் பிறகு உறிஞ்சுகிறது. ஒரு நொதி சங்கிலியை நடுவில் வெட்டும். இன்னொன்று நுனியிலிருந்து இரண்டிரண்டு கண்ணியாகக் கழற்றும். மூன்றாவது அந்த இரண்டையும் பிரிக்கும். விதைநேர்த்திக்கு நாம் வாங்கும் டிரைக்கோடெர்மா பூஞ்சையின் இனத்துக்கு இது கைவந்த வேலை. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் கூடாரத் துணியை மக்க வைத்தது இந்த இனத்தைச் சேர்ந்த ஒரு பூஞ்சைதான்!

புதைந்த தாள் ஒன்றைச் சில நாள் கழித்து உருவிப் பாருங்கள். மேலே வெள்ளை இழை படர்ந்திருக்கும், நடுத்தண்டு நசுங்கும், கணு மட்டும் கெட்டியாக நிற்கும். தண்டுக்கு விறைப்புத் தரும் லிக்னின் மிகுந்த பகுதிகள் மெதுவாகத்தான் மக்கும். நெல்தாளில் சிலிக்காவும் அதிகம்.

பயிர் வெளுப்பதற்குக் காரணம் வேறு. தாளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜனுக்கு) ஏறக்குறைய 60 முதல் 80 பங்கு கரிமம் உண்டு. நுண்ணுயிர் பெருகுவதற்கு 25 பங்குக்கு ஒன்றாவது வேண்டும். பற்றாததை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நாம் போட்ட யூரியாவும் அதில் அடக்கம். ஆனால் அது வயலை விட்டுப் போவதில்லை. தீனி தீர்ந்து நுண்ணுயிர்கள் மடியும்போது அதில் ஒரு பகுதி பயிர் எடுக்கக்கூடிய அமோனியமாகத் திரும்பும். அதற்கு முன்பே நட்ட பயிர்தான் பாவம்.

உழுதவுடன் தண்ணீர் கட்டினால் இன்னும் சிக்கல். ஓரிரு நாளில் ஆக்சிஜன் தீர்ந்து பூஞ்சைகள் ஒடுங்கும். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் விடும் அசிட்டிக் அமிலம் இளவேரைத் தாக்கும். பின்னால் மீத்தேனும் கிளம்பும். அதனால் ஈரம் இருக்கும்போதே மடக்கி உழுது, தண்ணீர் தேக்காமல் இரண்டு மூன்று வாரம் விடுவது நல்லது. ஆழியாற்றுத் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊர்களில் இது எளிதல்ல என்பது தெரியும். காத்திருக்க வழியில்லாதவர்கள் தழைச்சத்தில் ஒரு பகுதியை உழவின்போதே கொடுக்கலாம். கொளுத்துவது மட்டும் வேண்டாம்: தாளிலுள்ள தழைச்சத்து அநேகமாக முழுவதும் புகையாகப் போய்விடும்.