வாய்தான் அப்படி, மனம் தங்கம்

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை, கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள என் உளவளத்துணை அறைக்கு ஒரு தாயும் பத்து வயது மகனும் வந்தார்கள். பிள்ளை தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறான். "எழுதுகிறான், அழிக்கிறான், திரும்ப எழுதுகிறான், திரும்ப அழிக்கிறான். ஒரு கணக்குக்கு அரை மணித்தியாலம் எடுக்கிறான், மிஸ்" என்றார் தாய். கொப்பியை வாங்கிப் பார்த்தேன். அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டை வழியாக அடுத்த பக்கத்து விடை தெரிந்தது. அதுவும் பாதி அழிக்கப்பட்டிருந்தது.

நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது அவன் மூலையில் இருந்த சிறு மேசையில் படம் கீறிக்கொண்டிருந்தான். பென்சில் கை தவறி விழுந்தது. குனிந்து எடுத்தவன் தனக்குத்தானே மெல்லச் சொல்லிக்கொண்டான்: "எருமை, ஒன்றைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதா?"

பத்து வயதுப் பிள்ளை தன்னைத் தானே அப்படி அழைக்காது. 'ஒழுங்காக' என்ற சொல்லில் விழுந்த அழுத்தம் வரைக்கும் என் எதிரே இருந்தவருடையது. அவருக்கும் கேட்டது. கைப்பையின் சிப்பைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார்.

ஏச்சாலோ ஓயாத யோசனையாலோ இந்த மாதத்தில் வந்தவர்களில் இவர்கள் நான்காவது. வெளியே சொல்லாமல் நித்திரையைத் தொலைத்த உயர்தர மாணவி ஒருத்தி. வாடிக்கையாளர் முன்னால் முதலாளி சொன்ன ஒரு சொல்லை ஆறு வாரமாகத் தலைக்குள் ஓட்டிக்கொண்டிருக்கும் புறக்கோட்டைத் துணிக்கடை ஊழியர் ஒருவர். கணவர் 'விசர்' என்று சொல்லிச் சொல்லி, தனக்கு உண்மையிலேயே விசர்தானோ என்று கேட்டுக்கொண்டு வந்த ஓர் இளம் மனைவி. ஆள் தெரியாதபடி எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன். யாரும் இதில் தங்கள் மாடியின் எதிர்வீட்டைத் தேட வேண்டாம். பொறுமை குறைந்த நிலையில்தான் எழுத உட்கார்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"எனக்கு வாய்தான் அப்படி மிஸ், மனம் தங்கம்." உளவளத்துணையாளராக நான் அதிகம் கேட்ட வசனம் எது என்றால் இதுதான். தங்கமாகவே இருக்கட்டும். அந்தத் தங்கத்தைப் பிள்ளை எங்கே போய்ப் பார்ப்பது? செட்டியார் தெரு நகைக்கடைகளில்கூடக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, விளக்குப் போட்டு, எடுத்துக் காட்டித்தானே விற்கிறார்கள்? உங்கள் மனத்துக்குள் நுழைந்து பார்க்கும் வழி எந்தப் பிள்ளைக்கும் இல்லை. அதன் கைக்கு வருவது உங்கள் சொல் மட்டும்தான்.

சோறு தீத்துகிறோம், காய்ச்சல் வந்தால் விடிய விடிய விழித்திருக்கிறோம், வகுப்புக்கு ஓட்டோ பிடித்துக் கூட்டிப்போகிறோம், அப்படியிருக்க நாலு சொல் சொன்னால் என்ன, பாசம் அதைச் சமன் செய்துவிடாதா என்பதுதான் வாதம். சமன் செய்யாது. 2013இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 13 வயதில் பெற்றோரிடம் கத்தலும் ஏச்சும் இழிசொல்லும் வாங்கிய பிள்ளைகளிடம் அடுத்த வருடத்தில் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடியிருந்தன. முரட்டு நடத்தையும் கூடியிருந்தது. பெற்றோர் மற்ற வேளைகளில் எவ்வளவு பாசமாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்து அளந்தார்கள். பாசம் அந்தப் பாதிப்பைக் குறைக்கவில்லை. அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்பவர்கள் ஒருநாள் என் அறைக்கு வெளியே இருக்கும் வாங்கில் உட்கார்ந்து பார்க்கலாம்.

அடுத்த வசனமும் எனக்கு மனப்பாடம்: "நாங்களும் ஏச்சுக் கேட்டுத்தானே வளர்ந்தோம், கெட்டா போனோம்?" இதைக் கேட்டுவிட்டு, அதே மூச்சில், நித்திரைக் குளிசை ஏதாவது எழுதித் தரமுடியுமா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். (முடியாது. உளவளத்துணையாளர் மருந்து எழுதுவதில்லை. அது மருத்துவரின் வேலை. இதை இன்னும் எத்தனை தடவை சொல்லப்போகிறேனோ தெரியாது.)

கடுஞ்சொல்லை விடுங்கள் என்றால் கண்டிப்பையே விடச் சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். செல்லம் கொடுத்துக் கெடுக்கச் சொல்கிறீர்களா என்று முகம் சிவக்கிறது. இல்லை அம்மா, இல்லை ஐயா. "இந்தக் கணக்கு பிழை, இரண்டாவது வரியிலிருந்து திரும்பச் செய்" என்பது கண்டிப்பு. எங்கே பிழை, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. "களிமண் மண்டை, நீயெல்லாம் எங்கே உருப்படப் போகிறாய்" என்பதில் என்ன இருக்கிறது? அதை வைத்துக்கொண்டு பிள்ளை எந்த வரியைத் திருத்துவது? "இரவு ஒன்பதுக்கு கைபேசி என் கையில் வரவேண்டும்" என்று சொல்லி, ஒன்பதுக்குக் கையை நீட்டி வாங்குவது கண்டிப்பு. ஒன்பதிலிருந்து பத்து வரை "மூதேவி, அதற்குள்ளேயே போய்ப் படு" என்று கத்திவிட்டு, பத்தேகாலுக்குக் களைத்துப்போய் விட்டுக்கொடுப்பதுதான் உண்மையில் செல்லம். கத்துகிற வீடுகளில்தான் நான் அதிகச் செல்லத்தைப் பார்த்திருக்கிறேன். இனிமையாகப் பேசுங்கள் என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. தேன் வேண்டாம். செயலைச் சொல்லுங்கள், ஆளுக்குப் பட்டம் சூட்டாதீர்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அந்தத் தாயிடம் திரும்புகிறேன். பிள்ளையை வெளியே இருத்திவிட்டு, "நீங்கள் எத்தனை மணிக்கு நித்திரைக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். பத்தரைக்குப் படுக்கிறார். ஒன்றரைக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். 200 புள்ளிகளில் இவன் எவ்வளவு எடுப்பான், வெட்டுப்புள்ளி எவ்வளவு வரும், அது கிடைக்காவிட்டால் எந்தப் பள்ளிக்கூடம், அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து உயர்தரத்துக்கு என்ன பாடம், பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் வெளிநாட்டுக்கு அனுப்பக் காசு எங்கே, கனடாவில் இருக்கும் அண்ணியிடம் எப்படிக் கேட்பது. பத்து வயதுப் பிள்ளைக்கு இரவு இரண்டு மணிக்குள் முப்பது வயதாகிவிடுகிறது, வேலையும் போய்விடுகிறது. காலை ஐந்துக்கு எழும்புகிறார். ஆறரைக்கு, சப்பாத்துக்குள் ஒரு காலுறையைக் காணவில்லை என்கிறான் பிள்ளை. அப்போது விழுகிற ஏச்சு காலுறைக்கு உரியதா? அது வெட்டுப்புள்ளிக்கு உரியது. அண்ணியிடம் கேட்கக் கூசிய கூச்சத்துக்கு உரியது. பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது. ஒரு காலுறைக்கு இவ்வளவா என்று திகைத்து, தன்னிடம்தான் ஏதோ பெரிய பிழை என்று முடிவு கட்டுகிறது. இரவானதும் அதுவும் மின்விசிறியைப் பார்க்கத் தொடங்குகிறது.

ஏச்சும் யோசனையும் இரண்டு வியாதி என்று வந்து சொல்கிறார்கள், தனித்தனியாக வைத்தியம் கேட்கிறார்கள். வீட்டுக்கு வீடு நான் பார்ப்பது ஒரே சங்கிலி. தாயின் இரவு யோசனை காலையில் ஏச்சாகிறது, காலை ஏச்சு பிள்ளையின் இரவு யோசனையாகிறது. துணிக்கடை முதலாளிக்கும் முதல்நாள் இரவு ஏதோ ஒரு கணக்கு உதைத்திருக்கும்.

"அதிகம் யோசிக்காதே" என்று மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள், தயவுசெய்து. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரிடம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருங்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதன்பிறகு கரடியை நினைக்கலாம் என்று விட்டபோது, தொடக்கத்திலேயே நினைக்க விடப்பட்டவர்களைவிட இவர்கள் அதிகம் நினைத்தார்கள். தடுக்கத் தடுக்க வரும்.

யோசனைக்கு நேரம் கொடுத்துவிடுங்கள். 1983இலிருந்தே சோதித்துப் பார்க்கப்பட்ட முறை இது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணித்தியாலம். படுக்கை அந்த இடமாக இருக்கக் கூடாது. படுக்கும் நேரத்தை ஒட்டியும் வேண்டாம். மற்ற நேரத்தில் கவலை எட்டிப்பார்த்தால் ஒரு துண்டில் ஒரு வரி குறித்து, "ஐந்தரைக்கு வா" என்று திருப்பி அனுப்புங்கள். ஐந்தரைக்கு உட்கார்ந்து துண்டைப் பாருங்கள். நாளைக்குச் செய்யக்கூடிய ஒரு வேலையாவது அதிலிருந்து வருகிறதா? வந்தால் எழுதுங்கள். வராவிட்டால் அரைத்த மாவையே அரைக்கிறீர்கள். எழும்பிப் போய்ப் பிளேன்டீ ஊற்றுங்கள். படுக்கையில் நித்திரை வராமல் புரண்டுகொண்டிருந்தால் எழும்பி வேறு அறையில் உட்காருங்கள். கைபேசியைத் தொடக் கூடாது. மறுமொழி வராத வட்ஸ்அப் செய்தியில் இரண்டு நீலச் சரிகளை நள்ளிரவில் பார்த்துக்கொண்டிருப்பதால் யாருக்கும் மறுமொழி வந்ததாக நான் அறியேன்.

கோபத்துக்கு வருவோம். "மனத்தில் வைக்காமல் கொட்டிவிட்டால் ஆறிவிடும்" என்கிறார்கள். ஆறுவதில்லை. 2002இல் பிராட் புஷ்மன் செய்த சோதனையில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். சும்மா உட்காருவதற்குக் காசு செலவில்லை. கணவன் மனைவி சண்டை என்றால் இரண்டு நிமிடம் போதாது. நெஞ்சு படபடவென்று அடிக்கும்போது யாருக்கும் மற்றவர் சொல்வது காதில் ஏறாது. தம்பதியரை வருடக்கணக்கில் ஆராய்ந்த ஜோன் கொட்மன் சொல்லும் கணக்கு குறைந்தது 20 நிமிட இடைவெளி. "இருபது நிமிடத்தில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு எழும்புங்கள். சொல்லாமல் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போவது இடைவெளி ஆகாது, அது சண்டையின் அடுத்த பகுதி. இரண்டு அறைத் தொடர்மாடி வீட்டில் எங்கே போவது என்று கேட்பீர்கள். கீழே இறங்குங்கள். மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்களுக்குக் கடற்கரையே இருக்கிறது. போகும் வழியில் அடுத்து என்ன வசனம் பேசலாம் என்று ஒத்திகை பார்க்காதீர்கள். பார்த்தால் அந்த இருபது நிமிடமும் வீண்.

வேலை முடிந்து வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புறக்கோட்டையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி நெடுக நின்றுகொண்டே வந்து, கதவைத் திறந்ததும் "கணக்கில் எத்தனை?" என்று தொடங்காதீர்கள். முதல் பத்து நிமிடம் கேள்வியே வேண்டாம். முகம் கழுவுங்கள். தேநீர் குடியுங்கள். புள்ளி எங்கும் ஓடிவிடாது.

சொல் வாயிலிருந்து விழுந்துவிட்டால், விழும்தான், உங்களுக்கும் எனக்கும் விழும், அன்றே எடுங்கள். "அப்படிச் சொன்னது அம்மாவின் பிழை." இதில் நிறுத்துங்கள். "ஆனால் நீயும்..." என்று தொடங்கினால் மன்னிப்பு அங்கேயே முடிந்துபோகும். பிள்ளைக்கு முன் இறங்கிப்போவதா என்று தந்தைமார் கேட்கிறார்கள். பிழை விட்டால் திருத்த வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு ஐந்து வருடமாகக் கொப்பியில் கற்பித்துக்கொண்டிருப்பவர்கள் நீங்கள்தானே?

நித்திரையின்மை, பசியின்மை, எதிலும் ஈடுபாடு இல்லாத நிலை இரண்டு வாரம் தொடர்ந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். உயிரோடு இருக்க விருப்பமில்லை என்று பெரியவரோ சிறியவரோ ஒரு தடவை சொன்னாலும் போதும், இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். பிள்ளைகள் பற்றிய முறைப்பாட்டுக்கு 1929. "அங்கொடைக்கு அனுப்ப வேண்டிய ஆள்" என்று விளையாட்டாகச் சொல்கிற வீட்டில் யார் அந்த இலக்கத்தை அழுத்துவார்கள் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். அந்த ஒரு பகிடியால் மாதக்கணக்கில் பிந்தி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தாய் நேற்றுத் திரும்ப வந்தார், இம்முறை தனியாக. காலுறையும் சப்பாத்தும் இப்போது இரவே கதவடியில் வைக்கப்படுகின்றன. யோசனை நேரம் மாலை ஐந்தரை, பிள்ளை வகுப்பில் இருக்கும்போது. "இந்தக் கிழமை எப்படி?" என்றேன்.

"இரண்டு தரம் வாய் வரைக்கும் வந்தது, மிஸ். ஒன்றை விழுங்கிவிட்டேன்."

"மற்றது?"

"விழுந்துவிட்டது. பிறகு போய்ப் பிழை என்று சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, அம்மா, முட்டை பொரித்துத் தாருங்கள் என்றான்."