பொதியின் பெயர் ஒன்று, களஞ்சியம் வேறு

வெள்ளவத்தையில் முச்சக்கரவண்டியில் ஏறி 'ஸ்டேஷன் ரோட்' என்றால் சாரதி கேள்வி கேட்காமல் கடற்கரைப் பக்கம் திருப்புவார். தெகிவளையில் நின்று அதையே சொன்னால் போய்ச் சேரும் வீதி வேறு. லினக்ஸ் கணினியில் நிறுவும் மென்பொருள் பொதிகளின் பெயர்களும் இப்படித்தான்.

அண்மையில் எங்கள் அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவர், டேட்யூட்டில் என்ற நூலகம் வேண்டி, பைத்தன் மொழிக்கான நூலகங்களை (ஆயத்த நிரல்களை) நிறுவும் பிப் கட்டளையில் 'பைத்தன்3-டேட்யூட்டில்' என்று தட்டியிருந்தார். எண்டரை அழுத்துமுன் தடுத்தேன்.

"ஏன் அண்ணா, ஆப்ட்டில் இதுதானே பெயர்?"

டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நிறுவல் கட்டளையான ஆப்ட்டில் அதுதான். வில்லங்கமே அங்குதான் இருக்கிறது.

டெபியனில் பைத்தன் நூலகங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 'பைத்தன்3-' என்ற முன்னொட்டுடன், நிரலில் இம்போர்ட் செய்யும், அதாவது உள்ளே அழைக்கும், பெயரைச் சேர்ப்பார்கள். படங்களைக் கையாளும் பில்லோ நூலகத்தை நிரலில் 'பில்' என்று அழைப்பதால், அது அங்கே 'பைத்தன்3-பில்' ஆகிவிடும். அழகான விதி, ஆனால் டெபியன் தன் வீட்டுக்கு வகுத்த விதி. பிப் தேடிப்போகும் பைபிஐ களஞ்சியத்தில் முதலில் பதிபவருக்கே பெயர் சொந்தம். டேட்யூட்டில் அங்கே 'பைத்தன்-டேட்யூட்டில்'. 3 கிடையாது.

அந்த ஒற்றை இலக்க இடைவெளிக்குள் 2019இல் யாரோ புகுந்துவிட்டார்கள். 3 சேர்த்த பெயரில் பைபிஐயில் ஒரு போலிப் பொதி இருந்தது. அது தானாகத் தீங்கு செய்யவில்லை. இன்னொரு போலியை இழுத்துவந்தது. ஜெல்லிஃபிஷ் என்ற நூலகத்தின் ஆங்கிலப் பெயரில் முதல் 'எல்' இருந்த இடத்தில் பெரிய 'ஐ'. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிகளையும், தகவலை மறையாக்க உதவும் ஜிபிஜி சாவிகளையும் திருடிய அந்தப் பொதி ஏறத்தாழ ஓராண்டு அங்கே கிடந்தது.

எழுத்துப்பிழை விடுபவர்தான் மாட்டுவார் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் தம்பி ஓர் எழுத்தையும் பிழையாகத் தட்டவில்லை! சரியான பெயரைத் தவறான வாசலில் சொன்னார், அவ்வளவுதான். டெபியனுக்குள் புதிய பொதி நுழையக் களஞ்சியப் பொறுப்பாளர்கள் பார்த்து அனுமதிக்க வேண்டும். பைபிஐயில் கணக்குத் திறந்தால் போதும். டெபியன் 12 முதல், கணினி முழுமைக்கும் பிப்பால் நிறுவ முயன்றால் மறுப்புத்தான் வரும். அதனால் ஒரு திட்டத்துக்கென்று தனியாக ஒதுக்கும் மெய்நிகர் சூழலுக்குள் போய்ப் பிப்பால் நிறுவுகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஆப்ட் பெயரை நினைவில் சுமந்துகொண்டுதான் போகிறார்கள்.

பிப்புக்கான பெயரை நூலகத்தின் சொந்த ஆவணத்திலிருந்தே எடுங்கள். 'ஆப்ட் ஷோ' கட்டளை பெரும்பாலும் அதன் முகப்புப்பக்க முகவரியையும் காட்டும், அங்கிருந்து தொடங்கலாம். எங்கள் நிறுவல் குறிப்பேட்டில் இப்போது ஆப்ட் பெயருக்கு ஒரு நெடுவரிசை, பிப் பெயருக்கு ஒரு நெடுவரிசை. முதல் வரியைத் தம்பிதான் நிரப்பினார்.